போர்வைக்குக் கீழே ஒரு பேரம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் என் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். தொண்டைக்குழிக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு இருக்கிறது. "இன்னா கோவிந்தா, கழுத்துல?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே ஒரு கதையைச் சொல்லிவிடுகிறார்கள். புற்றுநோய் என்கிறார் ஒருவர். மாடு முட்டிவிட்டது என்கிறார் இன்னொருவர். எத்தனை வருடமாக மாட்டோடு புழங்குகிறவன், என்னைப் போய் மாடு முட்டுமா? ஆளாளுக்கு நின்று விளக்கம் சொல்ல இப்போது எனக்கு அவ்வளவு மூச்சு கிடையாது. அதனால் எழுதிவிடுகிறேன். இதே நோயில் படுத்திருக்கிறவர்களுக்கும், அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கும் பயன்பட்டால் நல்லது.

நான் மாட்டுத் தரகன். அவலூர்பேட்டைச் சந்தையில் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் நிற்கிறவன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரல் ஒன்று, முழுக்கை ஐந்து. அதற்கு மேலே என்றால் இரண்டு முறை பிடிக்க வேண்டும். பதிலுக்கு அழுத்தினால் சரி. சும்மா இருந்தால் ஒத்துவரவில்லை, மேலே பேசு என்று அர்த்தம். அந்த நேரத்தில் எதிராளி முகத்தைப் பார்க்கக் கூடாது, நம் முகத்திலும் எதையும் காட்டக் கூடாது. மிக முக்கியமானது, பேரம் முடிந்து துண்டை எடுக்கும்வரை உள்ளே நடந்ததை மூன்றாவது ஆளிடம் சொல்லவே கூடாது. சொன்னவனிடம் அதற்குப் பிறகு யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

அந்தச் சந்தையில் எனக்குப் போட்டி ஏழுமலை. அவன் பிடித்துவைத்த மாட்டை நான் தட்டிப் பறித்திருக்கிறேன், அவனும் என்னைச் சும்மா விட்டதில்லை. டீ குடிக்கும்போது மட்டும் சேர்ந்து குடிப்போம்.

அவலூர்பேட்டையில்தான் நோய் ஆரம்பித்தது. அதற்கு முந்தின வாரம் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. சந்தையில் நடந்துகொண்டிருக்கும்போது ஏழுமலை பின்னாலிருந்து கத்தினான். "யோவ், ஒரு கால் செருப்ப எங்க உட்ட?" குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. வெறுங்காலில் சரளைக் கல்லை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன், அதுவும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போய்ச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தேன், கால் வரவில்லை. செஞ்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டுமாம். என்னுடையது மரக்கட்டை மாதிரி கிடந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். முகம் படிப்பதுதானே என் பிழைப்பு. ஆம்புலன்சில் ஏற்றி விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். திண்டிவனம் ரோடு பிரியும் இடத்தைத் தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சாந்தியின் கையைப் பிடிக்கப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை.

விழுப்புரத்தில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். நரம்பில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். கில்லன் பாரே என்று பெயர் சொன்னார்கள். பெரிய டாக்டர் அம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்புக்குள் கிருமியை எதிர்க்கிற காவல்படை ஒன்று இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமியை அடித்துவிட்டு, அதே வேகத்தில் ஆள் தெரியாமல் நம் நரம்பின் மேலுறையையும் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. கரண்ட் ஒயரின் ரப்பரை எலி கடித்தால் பல்பு எரியாது இல்லையா, அது போலத்தான். காலில் ஆரம்பித்து மேலே ஏறும். "ஆனா நரம்பு செத்துப் போகல. பெரும்பாலும் திரும்பி வரும். டைம் ஆகும்" என்றார்.

ஏறியது. கால், கை, முகம், கடைசியில் நெஞ்சு. மூச்சு இழுக்கத் தெம்பு இல்லாமல் போனதும் வாய் வழியாகக் குழாய் விட்டு வென்டிலேட்டரில் மாட்டினார்கள். இமைகளை மூடித் திறக்கவும் முடியவில்லை. விழி காய்ந்துவிடக் கூடாது என்று மருந்து தடவி, இமையை டேப் போட்டு ஒட்டினார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எனக்கு மயக்கம் கிடையாது. காது கேட்கிறது, புத்தி வேலை செய்கிறது, வலிக்கிறது. டாக்டர் அம்மாவுக்கு அது தெரியும். தினமும் வந்து, "கோவிந்தன், உங்களுக்கு எல்லாம் கேக்குது, எனக்குத் தெரியும். கையைத் திருப்பப் போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். ஆனால் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. குழாயில் சளி சேரும்போது மூச்சு முட்டும். மெஷின் கத்தும். நர்ஸ் ஓடிவந்து உறிஞ்சி எடுப்பதற்குள் இன்றோடு முடிந்தது என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் அப்படியே நினைத்தேன். பழகவே இல்லை.

சாந்தி மாலையில் வருவாள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரலாம். வந்ததும் ஆரம்பித்துவிடுவாள். எருமை கன்று போட்டது, பக்கத்து வீட்டுக்காரர்கள் தினமும் சாதம் கொடுத்துவிடுகிறார்கள், ரேஷனில் சர்க்கரை வரவில்லை. முன்னெல்லாம் அவள் பேச்சை நிறுத்த நான் ரேடியோவை சத்தமாக வைப்பேன். இப்போது அவள் நிறுத்தினால் பயம் வந்தது.

சில நாள் கழித்து டாக்டர் அம்மா என் கட்டிலருகிலேயே சாந்தியையும் என் அண்ணனையும் நிறுத்திவைத்துப் பேசினார். வாய்க் குழாயை இதற்கு மேல் வைத்திருந்தால் தொண்டை புண்ணாகும், நுரையீரலில் கிருமி சேரும். கழுத்தில் சின்னத் துளை போட்டு, குழாயை அங்கே மாற்ற வேண்டும். ட்ரக்கியாஸ்டமி என்று பெயர். நரம்பு தேறியதும் குழாயை எடுத்தால் துளை தானாக மூடிக்கொள்ளும்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் சித்தப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்து ஓட்டையோடு, ஒரு வார்த்தை பேசாமல்தான் போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்கு எல்லா ஓட்டையும் ஒரே ஓட்டைதான். "வேணாம் டாக்டர். ஓட்ட போட்டா பேச்சு போயிடும். வீட்டுக்கு இட்டுகினு போயிடறோம். தளவானூர் பக்கம் வாதத்துக்குப் பச்சில குடுக்கறவரு ஒருத்தரு இருக்காரு."

"மெஷினைக் கழட்டினா அவரால மூச்சு விட முடியாதுங்க" என்றார் டாக்டர்.

"இங்க இருந்தா மட்டும் இன்னா ஆவப் போவுது?" அண்ணன் குரல் உடைந்தது. என் மேல் உயிரையே வைத்திருக்கிறவர் அவர். அதுதான் கஷ்டமே. இரண்டு நாளில் முடிவு சொல்லுங்கள் என்றார் டாக்டர். ஆம்புலன்சுக்குச் சொல்லிவைப்பதாக அண்ணன் பேசிக்கொண்டே வெளியே போனார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால்தான் என்னால் சொல்ல முடியுமா?

மறுநாள் ஏழுமலை வந்தான். பன்னீர்ப் புகையிலையும் மாட்டு வாடையும் கலந்து வந்ததில் அவன்தான் என்று தெரிந்தது. வாசலில் கையைக் கழுவச் சொல்லி, தோள் துண்டை வாங்கிவைத்துக்கொண்டார்களாம். துண்டு இல்லாமல் அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் செருமினான். பிறகு பழக்கதோஷம், என் வலது கையை எடுத்தான், ஆஸ்பத்திரியின் பச்சைப் போர்வையை இழுத்து இரண்டு கைக்கும் மேலே போட்டான். என் ஆள்காட்டி விரலைப் பிடித்தான். சந்தையில் பேச்சை ஆரம்பிக்கிற பிடி அது.

அந்த விரலில் எனக்கு ஏதோ ஒன்று ஓடியது. அசைந்ததா, அசைந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. ஏழுமலையின் மூச்சு ஒரு கணம் நின்றது.

"யோவ்" என்றான் மெதுவாக. "இன்னொருவாட்டி."

உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் அந்த விரலுக்கு அனுப்பினேன். எறும்பு ஊர்கிற அளவுக்குத்தான் அசைந்திருக்கும். எல்லாரும் இத்தனை நாளாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனோ, முகத்தைப் பார்க்காமல் பேசிப் பழகியவன்.

சந்தைக் குரலில், எனக்கு மட்டும் விழும்படி கேட்டான். "உங்க அண்ணன் வெளிய எல்லாத்தையும் சொன்னாரு. உன்ன எவனும் கேட்ருக்க மாட்டான். நான் கேக்கறேன். கழுத்துல ஓட்ட போட்டுடலாமா?"

நான் அழுத்தவில்லை.

"வீட்டுக்குப் போயிடலாமா?"

அழுத்தினேன்.

மறைக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போவது என்றால் என்ன என்று தெரிந்துதான் அழுத்தினேன். அந்த உறிஞ்சலும் அந்த மெஷின் சத்தமும் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. தேறும் என்றார் டாக்டர், எனக்கு நம்பிக்கை வரவில்லை. சித்தப்பாவின் கழுத்தும் வாயும்தான் கண்முன் நின்றன. பேச்சு இல்லாமல் நான் எதற்கு? என் வாசலில், என் எருமை கத்துவதைக் கேட்டுக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது.

ஏழுமலை திரும்பவும் கேட்டான். திரும்பவும் அதே பதில். என் கையை மெதுவாகக் கீழே வைத்தான், போர்வையைச் சரிசெய்தான், போய்விட்டான்.

இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். டாக்டர் ஓடிவருவார், அண்ணன் அழுவார். யாரும் வரவில்லை. மாலையில் சாந்தி வந்தாள். எருமையைப் பற்றிப் பேசவில்லை. என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு நேரம் முடியும்வரை சும்மா இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி, தொழில் தர்மம் பார்க்கிறான்! துண்டை எடுக்காத பேரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். இத்தனை நாளில் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அதையும் கொண்டுபோய் அவலூர்பேட்டையில் பூட்டி வைத்துவிட்டான். வந்த கோபத்தில் மெஷின் கத்தியது. நர்ஸ் வந்து சளி என்று நினைத்து உறிஞ்சிவிட்டுப் போனார்.

மறுநாள், முடிவு சொல்ல வேண்டிய நாள். காலையிலேயே அண்ணன் குரல் வெளியே கேட்டது. ஆம்புலன்ஸ்காரன் மதியத்துக்குள் வந்துவிடுவானாம். எனக்குப் பயமாக இருந்தது. கேட்டது கிடைக்கப் போகிறது, ஆனாலும் பயமாக இருந்தது. அப்போது புகையிலை வாடை வந்தது.

ஏழுமலை போர்வையை இழுத்து மூடினான், விரலைப் பிடித்தான்.

"நேத்து நீ சொன்ன வெல எனக்கு ஒத்துவரல" என்றான்.

படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனிடம் பேரம் பேச வந்திருக்கிறான். அந்த வார்டில் எல்லாரும் என்னிடம் அன்பாகத்தான் பேசினார்கள். தைரியமா இரு, சாமி பார்த்துக்கும், எல்லாம் சரியாகிவிடும். அத்தனை நாளில் ஒருவன் என் பேச்சை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இன்னாத்துக்குப் பயப்படற? வலிக்கா?"

அழுத்தவில்லை.

"கொரலுக்கா?"

அழுத்தினேன்.

"யோவ், அறிவு கீதா உனக்கு? இத்தினி வருசத்துல வாயால எத்தினி மாடு வித்துருக்கற? உன் வாயி ஊர் வம்பு பேசத்தான் ஆவும். வெல பேசனது இந்தக் கை. அது இங்கதான கெடக்குது? நேத்து என்னாண்ட பேசுச்சா இல்லியா?"

டேப்புக்குள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சரி, சாவறேன்னு சொல்றவன நான் தடுக்கல. தவண குடு. அஞ்சு வாரம்." என் முழுக்கையையும் பிடித்தான். நான் அசையவில்லை. நான்கு விரலைப் பிடித்தான். அசையவில்லை. மூன்று. எனக்கே தெரியாமல் தொழில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அவன் இறங்குவான், இன்னும் இறங்குவான், விடாதே என்றது. இரண்டுக்கு வந்தான். அங்கேயே நான் முடித்திருக்கலாம். விடவில்லை.

"ஒன்னு" என்றான். ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்திருந்தான். "ஒரே வாரம். ஓட்ட போட்டு ஒரு வாரம் பாரு. புடிக்கலன்னா நானே உங்க அண்ணங்கிட்ட சொல்லி, வண்டி வெச்சி இட்டுகினு போறேன். இதுக்குக் கீழ நான் வாங்க மாட்டேன்."

அழுத்தினேன்.

"துண்ட எடுத்துடலாமா?"

அழுத்தினேன்.

போர்வையை முழுவதுமாக விலக்கிவிட்டு வார்டே திரும்பும்படி கத்தினான். "சிஸ்டர்! டாக்டர வரச் சொல்லுங்க! இந்த ஆளு பேசறாரு!"

டாக்டர் அம்மா வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. என் விரலுக்கடியில் தன் விரலை வைத்தார். தற்செயலான துடிப்பா, என் பேச்சா என்று அவருக்கு உறுதியாக வேண்டும். உங்கள் பெயர் ராமசாமியா, கோவிந்தனா, உங்கள் ஊர் சென்னையா, செஞ்சியா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு சாந்தியை உள்ளே விடச் சொன்னார். சாந்தியின் விரலை என் விரலுக்கடியில் வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் என்னிடமே கேட்டார். "கோவிந்தன், கழுத்துல குழாய் வைக்க உங்களுக்குச் சம்மதமா?"

அழுத்தினேன். சாந்தி ஐயோ என்று என் கை மேலேயே சாய்ந்துவிட்டாள். கதவருகில் நின்றிருந்த அண்ணன் ஓவென்று அழுதார். அழுதுகொண்டே, "டேய், இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடா?" என்று என்னையே திட்டினார். பிறகு வண்டி வேண்டாம் என்று சொல்ல வெளியே ஓடினார்.

கழுத்துக்குக் குழாய் மாறியதும் வாய் காலியானது. அதுவே பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது. பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருவர் வந்தார். அவர் முதலில் கற்றுக்கொடுத்தது 'இல்லை' சொல்வதற்கு. சும்மா இருந்தால் மறுக்கிறேனா, தூங்குகிறேனா, முடியவில்லையா என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை அழுத்தினால் ஆமாம், இருமுறை அழுத்தினால் இல்லை. அடுத்து எழுத்துகள். இமை இன்னும் திறக்காததால் எழுத்து எழுதிய அட்டை எனக்கு உதவாது. அதனால் சாந்தி வாயால் சொல்ல வேண்டும். வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று கேட்பாள். வேண்டியது வந்ததும் அழுத்துவேன். அந்த வரிசையில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வாள், நான் நிறுத்துவேன். பிறகு அகரம், ஆகாரம் என்று உயிரெழுத்துகள். எட்டாவதோடு நின்றுபோன சாந்தி, வராந்தாவில் உட்கார்ந்து கசடதபற மனப்பாடம் செய்தாளாம்.

ஒரு வார்த்தைக்குக் கால்மணி நேரம் ஆனது. பாதியில் அவளே ஊகித்து, "தண்ணியா? தலவலியா?" என்று முந்திக்கொள்வாள். இரண்டு முறை அழுத்துவேன். கோபம் வந்தால் மூன்று முறை. பயிற்சி தந்தவர் அவளைத் தடுத்தார். "அவர் முடிக்கட்டும்மா. அவர் வார்த்தை அவருடையது." நான் முதன்முதலாக முழுதாகச் சொல்லி முடித்த சொல் 'கன்று'. சாந்தி சிரித்துவிட்டு, "கெடேரிதாங்க, பொட்டக் கன்னு, நெத்தியில வெள்ள இருக்குது" என்றாள்.

வாரம் முடிந்ததும் ஏழுமலை சொன்னபடி வந்து நின்றான். "தவண முடிஞ்சிடுச்சி. வீட்டுக்குப் போலாமா?"

இரண்டு முறை அழுத்தினேன். புதிதாகக் கற்றதை அவனிடம் காட்ட வேண்டும் என்று வேறு இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நிதானமாக வந்தது. கண் வந்தது, கட்டைவிரல் வந்தது. போனில் எழுத்தைத் தட்டினால் அது படித்துச் சொல்லும்படி செய்துகொடுத்தார்கள். செய்தி வாசிக்கிற பெண் குரலில், சுத்தத் தமிழில் நான் பேசினேன். "சாந்தி, காப்பியில் சர்க்கரை இல்லை" என்று போன் சொன்னால், "ரேஷன்ல வரல, போயி கவுர்மெண்டாண்ட கேளு" என்று அவள் போனைப் பார்த்துப் பதில் சொல்வாள். மெஷின் போனது, குழாய் போனது, துளை மூடியது. குரலும் வந்தது. பழைய குரல் இல்லை, கரகரவென்று பாதிதான். மூச்சு தீர்ந்துபோகிற மாலை நேரங்களில் இப்போதும் போனை எடுத்துக்கொள்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. சந்தைக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போகிறேன். ஏழுமலை சலுகை எதுவும் காட்டுவதில்லை.

இதை எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் சாந்தியிடம் ஒன்று சொல்லியாக வேண்டியிருந்தது. முதல்நாள் நான் அழுத்தியது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலையிடமும் கேட்டுப் பார்த்தேன். "நான் யாராண்டயும் சொல்லலய்யா, தொழில் மேல சத்தியம்" என்றான். எழுதினால் அவள் படிப்பாள். அதற்கு முன்னால் நானே சொல்வதுதான் முறை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் உட்கார்ந்து சொன்னேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"அவன் சொன்னானா?"

"அவரு இன்னா சொல்வாரு. சும்மா கைய புடிச்சிகினு இருந்தேன்னுதான் சொன்னாரு. தரகரு கைய புடிச்சா பேரம்தான்னு எனக்குத் தெரியாதா? வராந்தாவுலதான் இருந்தேன், வெளிய வந்தவரு மூஞ்சப் பாத்தேன். அப்பவே புரிஞ்சி போச்சி. அன்னிக்குச் சாயந்தரம் உங்க கால புடிச்சிகினு குந்தினு இருந்தேனே, பேச்சே வரல. வெளிய வந்ததும் அவருக்கு நான்தான் போன் பண்ணேன்."

"இன்னா சொன்ன?"

சாந்தி காம்பை ஒடித்துப் போட்டாள். "மொத வெலைக்கே ஒத்துக்குனு வந்துட்டியேண்ணே, நீ இன்னா தரகருன்னு கேட்டேன். நாளைக்கு வந்து திரும்பப் பேசுன்னேன்."